ஏழு பிசிறுகள்

"ரெண்டுல எது போலி?" என்று கேட்டாள் உர்சுலா.

மேசைமேல் இரண்டு சின்ன அட்டைப் பெட்டிகள் நின்றன. இரண்டிலும் 'பூங்கொத்து மார்க் ஓமத் தண்ணீர்' என்ற எழுத்து, அதன் கீழே சிரிக்கும் குழந்தைப் படம். சேதுபதி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இது. மஞ்சள் மங்கியிருக்கு. அதுல பிள்ளை சிரிக்குது. இதுல சிரிக்கச் சொல்லி யாரோ மிரட்டின மாதிரி இருக்கு."

"மங்கின பெட்டியை வாங்காதீங்கன்னுதான் மூணு நாளா கோவிந்தசாமி பேப்பர்ல விளம்பரம் போடறாரே. அதைத் தவிர வேற என்ன தெரியுது?"

"அதைத் தவிர ரெண்டும் அண்ணன் தம்பி."

உர்சுலா பதினைந்து வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள். தன் கடைக்குத் தானே தீ வைத்தவர்களைக் கண்டுபிடிப்பது அங்கே அவள் வேலை. 1976-இல் அதை விட்டுவிட்டு, டன்லப் ஸ்ட்ரீட்டில் மசாலா அரைக்கும் கடைக்கு மேல் மாடியில் சொந்தமாக ஒரு துப்பறியும் அலுவலகம் திறந்தாள். துறைமுகத்தில் கிடங்குக் கணக்கராக இருந்து ஐம்பது வயதில் ஓய்வு பெற்ற சேதுபதி, அவளுடைய ஒரே உதவியாளர். கப்பல் கப்பலாகத் திருட்டைப் பார்த்தவர். அதனால் எவரையும் நம்பமாட்டார். நம்பாததை நகைச்சுவையாகச் சொல்லிவிடுவார்.

அன்று காலை கோவிந்தசாமி நேரில் வந்திருந்தார். சிராங்கூன் ரோட்டில் மருந்துக்கடை, பின்கட்டிலேயே தைலமும் ஓமத் தண்ணீரும் தயாரிக்கும் சின்னத் தொழிற்சாலை. போன வாரம் அவருடைய ஓமத் தண்ணீரைக் குடித்த ஏழு மாதக் குழந்தை ஒன்று மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தது. அது தன் சரக்கே இல்லை, போலி என்றார். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் தானே தேடிப்போய்ப் பன்னிரண்டு போலிப் புட்டிகளைப் பிடித்ததாகவும் சொன்னார். பெட்டி வடிவத்தில் அட்டையை வெட்டும் அச்சை, 'டை'யை, செய்தவர் மரியஅந்தோணி. அவரைத்தான் போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்தது.

"நீங்களும் அவரும் ஒரே கோயில். நீங்க கேட்டா ஒத்துக்குவார்" என்று சொல்லி ஒரு போலிப் பெட்டியையும், தன் கடை மேசை டிராயரில் இருந்த ஓர் அசல் பெட்டியையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

உர்சுலா இரண்டு பெட்டிகளையும் பிரித்துத் தட்டையாக்கினாள். விரல் நகத்தை ஓரமாக ஓட்டிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"இங்க தொடுங்க, அண்ணே."

வழவழப்பான ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் அட்டை கிழிந்த மாதிரி ஒரு பிசிறு. சுற்றி வந்தால் மொத்தம் ஏழு. மற்றப் பெட்டியிலும் ஏழு. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஏழும் ஏழின்மேல் அச்சாக உட்கார்ந்தன.

"கலர்தான் வேற. வெட்டினது ஒரே டை" என்றாள்.

"அப்போ டை செஞ்ச ஆளைப் பிடிச்சா கேஸ் முடிஞ்சுது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே."

உர்சுலா பெட்டிகளைக் கைப்பையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தனக்கு இரண்டு வரிசை முன்னால் மண்டியிடும் மனிதர் குற்றவாளியாக இருக்கக்கூடாது என்று தான் விரும்புவது அவளுக்குத் தெரிந்தது. அந்த விருப்பத்தையே அவள் முதலில் சந்தேகப்பட்டாள்.

*

மரியஅந்தோணியின் பட்டறை ரோவல் ரோட்டில், கடைகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடிப் பாதையை ஒட்டிய ஒற்றை அறை. உள்ளே அறுத்த பிளைவுட்டின் கருகல் வாசனை. இவர்களைப் பார்த்ததும் அவர் மேசைமேல் ஒரு சாக்கை இழுத்து மூடினார்.

"நேத்து போலீஸ். இன்னிக்குக் கோயில்காரங்களா?"

சேதுபதி எதேச்சையாக மேசையில் சாய்ந்தார். சாக்கு நழுவியது. அதன் அடியில் அரம், சுத்தி, பட்டை வளைக்கும் கருவி எல்லாம் ஒரு மரப்பெட்டியில் துணி சுற்றி அடுக்கியிருந்தன.

"எங்கண்ணே பயணம்?" என்றார் சேதுபதி.

"ஜொகூர்ல தம்பி இருக்கான். நேத்து போலீஸ் வந்ததைப் பாத்துட்டு ரெண்டு பார்ட்டி ஆர்டரை நிறுத்திட்டாங்க. ஊர் முழுக்க என்னைப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன்னு பேசுது. இங்க உக்காந்து என்ன பண்ணச் சொல்றீங்க?" அவர் குரல் நடுங்கியது. பயமா, கோபமா என்று சொல்ல முடியவில்லை.

உர்சுலா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணே, டைன்னா என்னன்னே எனக்குத் தெரியாது. எப்படிச் செய்வீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

சுவரில் சாய்ந்திருந்த பலகை ஒன்றை எடுத்தார். பலகைக்கு மேலே விளிம்பு தெரியும்படி எஃகுப் பட்டைகள் பெட்டி வடிவத்தில் நட்டிருந்தன. கையில் பலகை வந்ததும் நடுக்கம் அடங்கியது.

"பிளைவுட்ல பெட்டியோட கோட்டை வரைஞ்சு வாள் மெஷின்ல பலகையோட அடி வரைக்கும் காடி அறுப்போம். முழுசா சுத்தி அறுத்தா நடுத்துண்டு கழண்டு விழுந்துடும். அதனால அங்கங்க அறுக்காம விடுவோம். அது பிரிட்ஜ். அப்புறம் இந்தப் பட்டையை வளைச்சு காடியில அடிச்சு இறக்கணும். இதுக்குப் பேரு ஸ்டீல் ரூல். கூரா இருக்கிறது வெட்டும். மொட்டையா, கொஞ்சம் குட்டையா இருக்கிறது மடிப்பை மட்டும் போடும்."

"எங்க ஸ்கூல் வாத்தியார் கிட்டேயும் ரூல் இருந்துச்சு" என்றார் சேதுபதி. "ரெண்டு வேலையும் ஒரே ரூல்தான் செய்யும்."

மரியஅந்தோணி சிரிக்கவில்லை. உர்சுலா பெட்டிகளை நீட்டிப் பிசிறைக் காட்டினாள்.

"இது நிக். கூர் ரூல்ல அரத்தால ஒரு சின்ன வெட்டு விழ வைப்போம். அந்த இடத்துல மட்டும் அட்டை அறாது. பெட்டி ஷீட்டோட ஒட்டிக்கிட்டே மெஷினை விட்டு வெளிய வரும். அப்புறம் கையால தட்டிப் பிரிப்பாங்க. பிரிச்ச இடத்துல பிசிறு நிக்கும்." பூதக்கண்ணாடியை வைத்து இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "ரெண்டும் ஒரே டையில வெட்டினது."

சேதுபதி உர்சுலாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா இந்த நிக் நான் போட்டது இல்ல. பெட்டி வெட்டற அச்சகத்து யாக்கூப் பாய் மெஷின்ல போட்டதும் இல்ல. நாங்க முடி அளவுக்குத்தான் போடுவோம். ஒரு பெட்டிக்கு நாலு. இது தீக்குச்சி அளவு, அதுவும் ஏழு. அரம் பிடிச்சே பழக்கமில்லாத கை. அட்டை கழண்டு விழுந்துடுமோன்னு பயந்து பயந்து போட்டிருக்கு."

"இதுல ஒன்னு அசல், அண்ணே" என்றாள் உர்சுலா.

"எது?"

"மஞ்சள் பளிச்சுன்னு இருக்கிறது."

"யார் சொன்னா?"

உர்சுலா பெட்டிகளைத் திரும்பக் கைப்பையில் வைத்தாள்.

பூங்கொத்து மார்க்குக்காக இரண்டு டை செய்ததாக அவர் சொன்னார். ஒரே அடியில் எட்டுப் பெட்டி வெட்டும் பெரியது ஒன்று. பெட்டி அளவு சரியா என்று பார்க்க, ஒற்றைப் பெட்டி மட்டும் வெட்டும் சாம்பிள் டை ஒன்று. இரண்டையும் அச்சகத்தில் யாக்கூப்பிடம் கொடுத்துவிட்டாராம்.

"குடுத்ததுக்குச் சீட்டு ஏதும் இருக்கா?"

"பத்து வருசப் பழக்கம். சீட்டு எதுக்கு?"

வெளியே வந்ததும் சேதுபதி சொன்னார்: "நல்ல மனுசனாத்தான் தெரியறார். ஆனா மூட்டை கட்டின நல்ல மனுசன்."

*

யாக்கூப்பின் அச்சகம் லாவண்டர் ஸ்ட்ரீட் பக்கம். நடுவில் முதலை வாய் மாதிரி திறந்து மூடும் ஒரு பெரிய இயந்திரம். ஒவ்வொரு மூடலுக்கும் தரை அதிர்ந்தது. யாக்கூப் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் வரவேற்பு இல்லை.

"டை இங்கேயிருந்து ஒரு நாளும் வெளிய போனதில்ல. வேணும்னா பாருங்க" என்று அடுக்கிலிருந்து பெரிய டையை உருவிக் காட்டினார்.

எட்டுப் பெட்டிகளின் கோடுகள், இருபுறமும் ஒட்டிய ரப்பர்ப் பட்டைகள். உர்சுலா கைப்பையிலிருந்த இரண்டு பெட்டிகளையும் எடுத்து ஒவ்வொரு கோட்டின் அருகிலும் வைத்துப் பார்த்தாள். எட்டிலும் நாலு நாலு நிக். ஒவ்வொன்றும் மயிரிழை. ஏழு நிக் உள்ள கோடு ஒன்றுகூட இல்லை.

"மிஸ்" என்று சேதுபதி மெல்லச் சொன்னார், "போலி பொருந்தலை, சரி. அசலும் பொருந்தலையே. அப்போ இவ்வளவு நேரம் நம்ம பையில அசலே இல்லையா?"

உர்சுலா யாக்கூப்பிடம் திரும்பினாள். "சாம்பிள் டை எங்க, பாய்?"

இயந்திரம் மூன்று முறை மூடித் திறந்தது.

"காணோம்."

"எப்போலேர்ந்து?"

"தெரியாது."

"பாய், ஒருத்தர் ஊரை விட்டே கிளம்பப் போறார். உங்க பத்து வருசப் பழக்கம்."

யாக்கூப் இயந்திரத்தை நிறுத்தினார். திடீர் அமைதியில் அவர் குரல் பெரிதாகக் கேட்டது. "மரியஅந்தோணி ஒரு தப்பும் செய்யலை. அது எனக்குத் தெரியும். வேற ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

"யாருக்கு வாக்கு?" என்றார் சேதுபதி.

யாக்கூப் விசையைத் தட்டினார். இயந்திரம் மறுபடி அதிர ஆரம்பித்தது.

தெருவில் வெயில் சுட்டது. "இவர்தான்" என்றார் சேதுபதி. "வாயை மூடற ஆளை எப்பவும் நம்பக் கூடாது லா. அந்த மெஷினாவது திறந்து திறந்து மூடுது."

"அவர் யாரையோ காப்பாத்தறார், அண்ணே. தன்னை இல்ல." அவள் கைகாட்டி டாக்சியை நிறுத்தினாள். "நமக்கு இப்ப ஒரு அசல் பெட்டி வேணும். யாரும் கையில தராத, நாமே கடையில வாங்கின பெட்டி."

பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் வாங்கினாள். தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்க வந்த கூட்டத்தின் நடுவே, கறிவேப்பிலைக் கூடையைத் தள்ளிவைத்துப் பெட்டியைப் பிரித்தாள். பளிச்சென்ற மஞ்சள். நாலு நிக், மயிரிழை. யாக்கூப்பின் டையில் வெட்டிய நிஜ அசல்.

"மங்கின பெட்டியில யாராவது வாங்கினாங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

"பேப்பர்ல பாத்ததோட சரி. நம்ம கடைக்கு ஒன்னு கூட வரலை. பக்கத்துக் கடையிலயும் இல்ல. ஆனா பயந்துபோய் எல்லாரும் பளிச்சுன்னு இருக்கிறதைக் கேட்டு வாங்கறாங்க. வியாபாரம் கூடித்தான் இருக்கு."

உர்சுலாவின் கை பெட்டிமேல் அப்படியே நின்றது. சுங்கை ரோட்டில் போலியைக் கண்டவர் கோவிந்தசாமி. அதைப் பத்திரிகையில் சொன்னவர் கோவிந்தசாமி. வேறு எவரும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை.

"அண்ணே, அந்தப் பிள்ளை குடிச்சது எந்தப் பெட்டியில வந்தது?"

*

அந்தக் குழந்தையின் தாய் ஆமினா பீவியின் வீடு பெண்டிமியர் ரோட்டு அடுக்குமாடிப் புளோக் ஒன்றில், ஏழாவது மாடி. லிஃப்ட் ஐந்தாவது மாடியோடு நின்றுவிடும். மீதியை ஏறி முடித்தபோது சேதுபதியிடம் ஒரு நகைச்சுவைகூட மிச்சமில்லை.

ஆமினா பீவி அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். குழந்தை கண் திறந்துவிட்டதாம், பால் குடிக்கிறதாம். அதைச் சொல்லும்போதே அழுதாள்.

"அந்த முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்தாரு. ஆரஞ்சுப் பழம்லாம் வாங்கிட்டு வந்தாரு. போலீஸ்ல குடுக்கணும்னு புட்டியை வாங்கிட்டுப் போனாரு. பெட்டி எங்கன்னு ரெண்டு தடவை கேட்டாரு. குப்பையில போட்டுட்டேன்னு சொன்னேன்."

"நிஜமாவே போட்டுட்டீங்களா, அக்கா?"

"அன்னிக்கு எனக்கு எது ஞாபகம் இருந்துச்சு? இப்ப வீட்டுக்கு வந்து பாத்தா இங்கதான் இருக்கு." தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்தாள். ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள். ரவிக்கைக் கொக்கிகளை அந்தப் பெட்டியில்தான் கொட்டி வைத்திருந்தாள்.

பெட்டியை ஜன்னலருகே கொண்டுபோனாள் உர்சுலா. மஞ்சள் மங்கவில்லை. நகத்தை ஓரமாக ஓட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் மயிரிழை.

சேதுபதி எட்டிப் பார்த்தார்.

"மிஸ், இது அசல்."

"ஆமா. பிள்ளை குடிச்சதும் அசல்தான்."

"அப்போ போலி?"

"போலின்னு ஒன்னு கிடையவே கிடையாது, அண்ணே. கெட்டது அவரோட சொந்தச் சரக்கு. அதை மறைக்க மங்கின பெட்டியை அவரே வெட்டியிருக்கார். அதுல கலர் நல்லா வந்த ஒன்னு டிராயர்ல தங்கிடுச்சு. அசல்னு நினைச்சு அதையே நம்ம கையில குடுத்துட்டார். வெட்டினவருக்கே வித்தியாசம் தெரியலை." அவள் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். "பளிச்சுன்னு இருக்கிறதையே வாங்குங்கன்னு ஊருக்குச் சொல்லிட்டு இருக்கார். விஷம் இருக்கிறதே அதுலதான்."

*

சிராங்கூன் ரோட்டுக் கடைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. கல்லாவில் கோவிந்தசாமி. எதிரே இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்.

"பயப்படாம குடுங்கம்மா. கலரைப் பாருங்க, இது அசல்" என்று சொல்லி, பொட்டலத்தை அவள் கையில் வைத்தார்.

அந்தப் பெண் வெளியே போனாள். உர்சுலா சேதுபதியைப் பார்த்தாள். அவள் வாய் திறக்கும் முன்பே ஐம்பத்து மூன்று வயது சேதுபதி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தெருவில் ஓடினார்.

"மரியஅந்தோணி ஒத்துக்கிட்டானா?" என்றார் கோவிந்தசாமி.

"உங்க பின்கட்டைப் பாக்கணும்."

"அங்க என்ன இருக்கு?"

அவள் காத்திருக்கவில்லை. லேபிள் அச்சடிக்கும் பழைய கால்மிதி இயந்திரம் ஒன்று பின்கட்டின் மூலையில் நின்றது. அதன் பின்னால் கோணிச் சாக்கில் சுற்றி ஒரு சின்னப் பலகை. ஒற்றைப் பெட்டி வடிவத்தில் எஃகுப் பட்டை. விளிம்பைத் தடவினாள். தாறுமாறாக அரம் இழுத்த ஏழு பள்ளங்கள் விரலில் தட்டின.

திரும்பியபோது கதவருகே கோவிந்தசாமி நின்றார். அவருக்குப் பின்னால், கடையின் உள்ளறையிலிருந்து அவர் மனைவி மங்களமும் வந்து நின்றிருந்தாள்.

"கடையில காட்சிக்கு வைக்கப் பெட்டி வெட்டணும், யாருக்கும் சொல்லாதீங்கன்னு யாக்கூப் பாய்கிட்ட இதை வாங்கினீங்களா?" என்றாள் உர்சுலா. "கலர் சரியா வராம அவர் ஒதுக்கின ஷீட்டையும் சேர்த்து?"

அவர் மெல்லத் தலையசைத்தார்.

"அந்தப் புட்டியில என்ன இருக்கு?"

"மூட்டுவலித் தைலத்துக்கு வச்சிருந்த எண்ணெய்." வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "அந்த டின்னும் ஓம எண்ணெய் டின்னும் ஒரே மாதிரி இருக்கும். கை மாறிப் போச்சு. பிள்ளை விழுந்த பிறகுதான் டின்னைத் திறந்து மோந்து பாத்தேன். அதுக்குள்ள சரக்கு எல்லாக் கடைக்கும் போயிடுச்சு. திருப்பி வாங்கினா யார் இனிமே இந்தப் பேரை நம்புவாங்க? மத்தப் புட்டியில அந்த அளவுக்கு இருக்காதுன்னு நினைச்சேன்."

"நினைச்சீங்க" என்றாள் மங்களம். அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை. கணவரைப் பார்க்காமல் முன்கடைக்குப் போனாள். ஸ்டூலில் ஏறி அலமாரியின் மேல்தட்டிலிருந்த பூங்கொத்து மார்க் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்க ஆரம்பித்தாள்.

சேதுபதி மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். கையில் பொட்டலம். "பஸ்ல ஏறிட்டா. டிரைவர் நிறுத்தலை. அடுத்த ஸ்டாப் வரைக்கும் ஓடினேன்." பொட்டலத்தைக் கல்லாமேல் வைத்தார். "மூடியைத் திறந்து கரண்டியில ஊத்திட்டு இருந்தா, மிஸ். பஸ்லயே. பிள்ளை ரொம்ப அழுதுதாம்."

கோவிந்தசாமி அந்தப் புட்டியைப் பார்த்தார். கழுத்துவரை நிரம்பியிருக்க வேண்டிய தண்ணீர் ஒரு விரல் குறைந்திருந்தது.

"குடிச்சிடுச்சா?" என்றார்.

"கரண்டியைத் தட்டி விட்டுட்டேன். என் சட்டையில கொட்டிச்சு. மோந்து பாருங்க."

அவர் மோந்து பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டார். மங்களம் பெட்டிகளை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

உர்சுலா தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினாள். "முதல்ல சுகாதார இலாகா. அப்புறம் போலீஸ். நான் பேசலாம். நீங்க பேசினா எந்தெந்தக் கடைன்னு சீக்கிரம் சொல்ல முடியும்."

அவர் டயலைச் சுழற்றினார். மூன்றாம் மணியில் மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். கோவிந்தசாமி பெயரைச் சொன்னார். கடையின் பெயரைச் சொன்னார். போலி மருந்து பற்றிய புகாரா என்று அங்கே கேட்டிருக்க வேண்டும்.

"இல்லீங்க" என்றார். "போலி எதுவும் இல்ல. எல்லாம் நான் செஞ்சதுதான். எழுதிக்கிறீங்களா? எந்தக் கடையில எத்தனை புட்டி இருக்குன்னு சொல்றேன்."